கல்லடியில் சனிக்கிழமைப் பின்னேரங்கள்

25 ஜனவரி 2025, சனி

இன்றைக்கும் உள்ளே போகவில்லை. பரதநாட்டிய வகுப்பு நடக்கிற வீட்டு வாசல் வரைக்கும் போய், ஸ்கூட்டியை நிப்பாட்டி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினேன். உள்ளே தாளத்துக்குப் பலகையில் தட்டுகிற தட்டுக்கழி சத்தம், அதோடு சின்னப் பிள்ளைகள் கால் தட்டுகிற சத்தம். ஏழு வயதில் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். அப்போது ஊர் இருந்த நிலைமையில் பொழுதுபட்ட பிறகு பெண் பிள்ளையை வெளியே விட யாருக்கும் துணிவில்லை, பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், மகள் என்று காலம் போய்விட்டது. இப்போது 38 வயது. காசு கட்டியாயிற்று, பருத்தியில் சல்வார் தைத்தாயிற்று. அந்தப் படியில் கால் வைக்க மட்டும் ஏலவில்லை.

1 பெப்ரவரி, சனி

போனேன்! வாசலில் தயங்கி நின்றபோது டீச்சரே வெளியில் வந்து, “என்னக்கா வெயிலுக்குள்ள நிக்கிறீங்க, உள்ளுக்கு வாங்க” என்றார். என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். இங்கே மட்டக்களப்புக் கல்லடியிலேயே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவராம். பிள்ளைகளின் வகுப்பு முடிந்த பிறகு பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் போன வருஷமே தொடங்கியவர்கள்.

முதலில் பூமி வணக்கம். இவ்வளவு நேரம் உன்னை மிதிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று நிலத்தைத் தொட்டுக் கும்பிடுவது. குனிந்து தொட்டபோதுதான் கை நடுங்குவது எனக்கே தெரிந்தது. பிறகு அரைமண்டி. குதிகால் இரண்டும் சேர்ந்து, முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து, முதுகு நிமிர்ந்தபடி பாதி இருந்து நிற்க வேண்டும். எண்ணி 16 வரைக்கும் நிற்பதற்குள் தொடை உதறத் தொடங்கிவிட்டது. முழங்கால் உள்ளே சாயக்கூடாது, கால் விரல் பார்க்கிற திசையைத்தான் முழங்காலும் பார்க்க வேண்டும், வலிந்து அகட்டினால் மூட்டுக்குத்தான் கேடு என்று டீச்சர் பக்கத்தில் இருந்து கையால் திருத்திவிட்டார்.

உண்மையைச் சொன்னால் வலி பெரிதாகத் தெரியவில்லை. முன்னால் இருந்த கண்ணாடிதான் பெரிய கஷ்டம். அதில் என்னைப் பார்க்கவே முடியாமல் அரை மணித்தியாலம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

5 பெப்ரவரி, புதன்

தொடை இன்னும் நோகிறது. கந்தோர் படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன். இரவில் சமையல் முடிந்த பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து அரைமண்டி, ஒரு தடவைக்கு 16, மூன்று தடவை.

8 பெப்ரவரி, சனி

காலைத் தட்டி ஆடுகிற முதல் அடிப்படை அசைவான தட்டடவு தொடங்கியது. தெய்யா தெய், தெய்யா தெய். வலது கால், இடது கால், பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் நிலத்தில் பட வேண்டும். முதற்காலம், அதாவது மெதுவான வேகம், சரியாக வந்தது. இரண்டாங்காலத்தில் அதே தாளத்துக்குள் அடி இரட்டிப்பாகுமே, அங்கேதான் குழம்பினேன். எல்லாருக்கும் இடது கால், எனக்கு மட்டும் வலது. முகம் சூடாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போதும், இனி வேண்டாம் என்று மனம் சொல்லிவிட்டது.

டீச்சர் தட்டுவதை நிறுத்தினார். “அக்கா, ஆட வேணாம். வந்து என்னோட இருங்க.” போய் எதிரே சப்பாணி போட்டு இருந்தேன். டீச்சர் தாளம் தட்டுகிற பலகையான தட்டுமனை அப்போதுதான் கிட்டத்தில் தெரிந்தது, கழி பட்டுப் பட்டு நடுவில் ஒரு குழியே விழுந்திருந்தது. “கையால தாளம் போட்டுச் சொல்லைச் சொல்லுங்க. வாயில வந்தாத்தான் காலில வரும்.” முதலில் எனக்கே கேட்காத குரல். “வெளிய கேக்கட்டும்” என்றார். நாலைந்து சுற்றுக்குப் பிறகு குரல் திறந்தது. மூன்று காலமும் வாயால் சொன்னேன், ஒரு இடத்திலும் பிசகவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சுப் படபடப்பும் அடங்கியதைக் கவனித்தேன். உரக்கச் சொல்ல வேண்டுமென்றால் மூச்சை இழுத்து விடத்தானே வேண்டும், அதனால்தான் போல.

12 பெப்ரவரி, புதன், நவம் போயா

பௌர்ணமி விடுமுறை, கந்தோர் லீவு. காலையில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “உங்கட அம்மப்பாவும் அப்பிடித்தான் புள்ள, வாயால சொல்லிக்கிட்டே திரிவார்” என்றார். எனக்குப் புதுச் செய்தி! அம்மப்பா வாவிக்கு மேற்கே படுவான்கரையில், எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகையான வடமோடிக் கூத்தில் துரோபதைக்கு ஆடினவர். அந்தக் காலத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தானே ஆடுவார்கள். இரவில் கூத்துப் பழகிவிட்டு வந்து, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சொல்லிக் கொடுத்த தாளக்கட்டை அடுத்த நாள் வரம்பில் நடக்கும்போதும் முணுமுணுப்பாராம். முதல் நாள் கூத்தாடுகிற களரியில் கால் வராமல் நின்றவர், சதங்கை கட்டின அன்றைக்கு விடிய விடிய ஆடினாராம். அவருடைய பேத்திக்கு ஆட்டம் பழக 38 வயதாகிவிட்டதை நினைக்க மனம் கனத்தது.

பின்னேரம் மகளோடு கல்லடிப் பாலத்தில் நடந்தேன். வாவிக்கு மேலே முழு நிலவு. நடையோடு நடையாகத் தெய்யா தெய் சொன்னேன், மகளும் சேர்ந்துகொண்டாள்.

15 பெப்ரவரி, சனி

புழுக்கம் என்று டீச்சர் கதவை அகலத் திறந்துவிட்டார். விறாந்தைக் கதிரைகளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார், அதில் ஒருவர் என் கந்தோரில் வேலை செய்பவர். வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, மூச்சை இழுத்து, சொல்லைத் தொடங்கினேன். முதற்காலம், இரண்டாங்காலம் இரண்டும் வந்தன. மூன்றாங்காலத்தில் கால் பிந்திவிட்டது, ஆனால் வாய் நிற்கவில்லை, அடுத்த சுற்றில் கால் தானாக வந்து சேர்ந்துகொண்டது. முடிந்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஆடியிருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

இரவு அம்மா குசினி வாசலில் பலகையைப் போட்டு இருந்து, “எங்க, ஒருக்காக் காட்டு பாப்பம்” என்று அகப்பைக் காம்பால் பலகையில் தட்டத் தொடங்கினார். தாளம் தப்பவே இல்லை.