இரண்டு சாண் தண்ணீர்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடலிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். அதன் உள்வாயை, அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பக்கத்தை ஒட்டி ஒரு சூரிய மின் நிலையம் வந்தது. நிலையத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரிடம் நான் சர்வேயராக இருந்தேன். லெவல் எடுப்பது (தரையின் உயரத்தை அளப்பது), கான்டூர் போடுவது (ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பது), தூண் நடும் இடத்தைக் குறித்துக் கொடுப்பது என் வேலை. இருபத்தொரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அங்கே நடந்த மாதிரி ஒரு தவறு என் கையால் வேறெங்கும் நடந்ததில்லை.

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததிலிருந்து எங்கள் மாவட்டத்தில் நிலம் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வெயிலுக்குக் குறைவில்லை, தரை தட்டை, பாதிக்கு மேல் சீமைக் கருவேலம், விலையும் மற்ற மாவட்டங்களை விடக் கம்மி. நாங்கள் வேலை பார்த்தது கமுதியோடு சம்பந்தமில்லாத, அதைவிட மிகச் சின்ன நிலையம். நிலம் முழுக்கப் பட்டா. முறையாகக் கிரயம் ஆனது. ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உள்வாய்ப் பட்டா எங்கள் பக்கம் ஒரு தனி ரகம். கண்மாய் பெருகினால் தண்ணீர் வந்து நிற்கும். தண்ணீர் இறங்கிய பிறகு எள்ளோ பயறோ விதைத்துக்கொள்வார்கள். விற்றவர்களுக்கு அது தெரியும். வாங்கியவர்கள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

பக்கத்து ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்கு 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொலவடையே உண்டு. இது அதன் முன்னால் சின்னக் குட்டை மாதிரி. மூன்று மடை, ஒரு கலுங்கு. கலுங்கு என்பது நிரம்பிய கண்மாய் மறுகால் பாயும் இடம், மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியே போகும் இடம். கருங்கல் கட்டு. அதன் முதுகில் முழங்கால் உயரத்துக்குக் குத்துக்கற்கள், இரண்டடிக்கு ஒன்றாக வரிசை பிடித்து நிற்கும். மறுகால் போகும்போது ஆட்கள் கல் மேல் கால் வைத்துத் தாண்டுவதற்காக நட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். இந்த மாவட்டத்துக்காரன்தான் நான். ஆனால் டவுனில் வளர்ந்தவன்.

மே மாதம் லெவல் எடுத்தோம். கலுங்கு முதுகு 6.420 மீட்டர். ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிக்கும் பையன் அப்படியே கல் மேலும் ஸ்டாஃபை வைத்தான், அதையும் படித்து எழுதினேன்: 6.870. பழக்கத்தில் செய்தது. வரைபடம் போடும்போது பொறியாளர் கேட்டது ஒரே எண்தான், 'முழு நீர்மட்டம்'. கண்மாய்ப் பதிவேட்டில் முழு நீர்மட்டம் என்றால் கலுங்கு முதுகு. 6.420 கொடுத்தேன். அதை வைத்து இன்வெர்ட்டர் அறையின் மேடையை 6.800-இல் நிறுத்தினார்கள். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பாதுகாப்பு இருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி. கல் உச்சியின் எண் என் லெவல் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

அந்த வருடம் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. டிசம்பர் முதல் வாரம் கண்மாய் மறுகால் பாய ஆரம்பித்ததும், நீர்பாய்ச்சி பெரியவர், ஊருக்காகக் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவர், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கலுங்கில் இறங்கியிருக்கிறார். குத்துக்கற்களுக்கு நடுவில் கருவேல முள்ளை வைத்து, வைக்கோலைத் திணித்து, மேலே களிமண்ணை அப்பி அடைத்துவிட்டார்கள். வருடாவருடம் செய்கிற வேலை. கண்மாய் பெருகாத வருடங்களில் தேவைப்படாது. நிலம் வாங்கின இரண்டு வருடமும் அப்படி வறண்ட வருடங்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. "சார், இன்வெர்ட்டர் ரூமுக்குள்ள தண்ணி." விடியற்காலை போய்ப் பார்த்தேன். எங்கள் தரையில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு. கலுங்கில் 45 சென்டிமீட்டர் ஏறினால் உள்வாயில் தண்ணீர் 450 மீட்டர் பின்னால் போகும். அதுதான் நடந்திருந்தது. கடைசி வரிசைகளில் தூண்களெல்லாம் தண்ணீருக்குள் நின்றன. பேனல்கள் உயரத்தில் இருந்ததால் நனையவில்லை. கேபிள் பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மேடையின் விளிம்பில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அறைக்குள் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். எர்த் ஃபால்ட் (மின்கசிவு) காட்டி மொத்தமும் டிரிப் ஆகியிருந்தது.

"ரிஜிஸ்டர்ல 6.42. ஊர்க்காரங்க வேணும்னே ஏத்திட்டாங்க" என்றார் சைட் மேனேஜர். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவர் கையில் இருந்த காகிதம் அப்படித்தான் சொன்னது. அந்தக் காகிதத்தைக் கொடுத்தவன் நான்.

கலுங்குக்குப் போனேன். பெரியவர் அங்கேயே உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கம்பெனிக்குள்ள தண்ணி வந்துருச்சு. நீங்க வேணும்னே ஏத்துனதாச் சொல்றாங்க."

"வேணும்னே ஏத்துறதுக்காப்பு எங்க பாட்டன் காலத்துல கல்லு நட்டான்?" என்றார். அப்புறம் எழுந்து ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினார். பக்கவாட்டில், கையளவு உயரத்தில் ஒரு வெட்டு. இன்னும் மேலே இன்னொன்று. ஐப்பசியில் பெருகினால் கீழ் வெட்டு வரைக்கும்தான் அடைப்பார்களாம், அதற்கு மேல் மழை வந்தால் கரை தாங்காது என்று. கார்த்திகை பாதிக்கு மேல்தான் உச்சி வரை. கரையில் எங்கே ஊற்றெடுக்கிறது என்று தினமும் நடந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பிடி களிமண் வைப்பார்களாம். அந்தக் கல்லிலேயே ஒரு பதிவேடு இருந்திருக்கிறது. நான் அதன் தலையில் ஸ்டாஃபை வைத்து ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் கண்மாய்கள் ஆழமில்லாதவை, தாம்பாளம் மாதிரி விரிந்தவை. தாம்பாளத்தில் மேல் விளிம்பில்தான் தண்ணீர் அதிகம் பிடிக்கும். என் கான்டூரை வைத்தே பார்த்தால், அந்த 45 சென்டிமீட்டருக்குள் நிற்பது கண்மாயின் மொத்தத் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல், தை மாதம் பால் பிடிக்கும்போது மழை நின்றிருக்கும். அப்போது கடைமடைக்குப் போகிற தண்ணீர் இதுதான். குண்டு மிளகாய்க்குக் கைவாளியில் எடுத்து ஊற்றுவதும் இதுதான். கரைக்குக் கீழே இருக்கும் குடிநீர்க் கிணறு கண்மாய் நிறைந்து நின்றால்தான் இனிக்கும். இறங்கினால் கடலோரக் கிணறுகளைப் போல உவர்த்துப் போகும். அந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டம் குறைவது வாயில் வைத்த முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

கம்பெனி அடைப்பை எடுக்கச் சொன்னது. ஊர் மறுத்தது. நான்காம் நாள் ராத்திரி யாரோ கலுங்கில் ஐந்து கண்களின், அதாவது கல் இடைவெளிகளின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசியவர்கள் நிறையப் பேர். நான் போகும்போது கற்களுக்கு நடுவே தண்ணீர் இரைந்துகொண்டு போனது. வைக்கோல் பிரிகள் மறுகால் ஓடையில் மிதந்துகொண்டு கடலைப் பார்த்துப் போயின. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பிடி களிமண்ணை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். இழுப்பு அதிகமாக இருந்ததால் அடைக்க இறங்க முடியவில்லை. இறங்கும் நிலைக்கு வந்தபோது தண்ணீர் முதுகுக்கே வந்துவிட்டது. அதன்பிறகு பெரிய மழை இல்லை.

முகத்துவாரத்தில் வலை போடும் ஒருவரையும் அந்த வாரம் பார்த்தேன். மறுகால் தண்ணீர் வந்தால் இறால் உள்ளே ஏறும், அவர்களுக்கு அது நல்லது. "ஆனா இப்படி ஒரே ராத்திரியில வந்து விழுகக் கூடாது பாய், கொஞ்சம் கொஞ்சமா வரணும்" என்று என்னோடு வந்த டிரைவரிடம் சொன்னார். இந்த மட்டத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருப்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் நினைக்கவில்லை.

தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். முன்தினம் டீக்கடையில் பேச்சு முல்லைப் பெரியாறுக்குப் போயிருந்தது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் அந்த எண்கள் தெரியும். அணையின் நீர்மட்டம் 152 அடியாக இருந்ததை 1979-இல் 136 ஆக்கினார்கள். 2014-இல் 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. "அங்க கோர்ட்டு 142-ன்னு சொல்லுது. இங்க யாரு சொல்லுவா?" என்று ஒருவர் கேட்டார். நான் அப்போது லோயர் கேம்ப் மின் நிலையத்தை நினைத்துக்கொண்டேன். பெரியாற்றிலிருந்து பாசனத்துக்காக வருகிற தண்ணீரே மலையிலிருந்து இறங்கும் வழியில் மின்சாரமும் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறது. வயலுக்குத் தண்ணீர் விட்டால்தான் அங்கே மின்சாரம். எங்கள் கண்மாயில் வயலும் மின்சாரமும் ஒன்றையொன்று தள்ளிவிடும்படி நாங்கள் கட்டியிருந்தோம். தண்ணீரே தேவைப்படாத ஒரு மின் நிலையத்தை அந்த இடத்தில் வைத்து இப்படி ஆக்கினோம் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஐந்நூறு மீட்டர் தள்ளி மேட்டு நிலம் சும்மா கிடந்தது.

கூட்டத்தில் கம்பெனி வக்கீல் பதிவேட்டு நகலை வைத்தார். ஊர்க்காரர்களிடம் காட்டுவதற்குக் காகிதம் எதுவும் இல்லை. "காலங்காலமா அடைக்கிறோம்" என்றார்கள். அதற்குச் சாட்சி கேட்டார்கள். தாசில்தார் என் பக்கம் திரும்பினார்.

"சர்வேயர், அந்தக் கல் மட்டத்தை அளந்தீங்களா?"

லெவல் புத்தகம் பையில் இருந்தது. அளக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை எடுத்தேன். மே மாத வெயிலில் எழுதிய பக்கம், வியர்வை பட்டு ஒரு மூலை மங்கியிருந்தது. எண் தெளிவாக இருந்தது.

"அளந்தேன் சார். 6.870."

"வரைபடத்துல காணோமே?"

"கேட்கல சார். நானும் போடல. கல் எதுக்குன்னு எனக்குத் தெரியல, விசாரிச்சிருக்கணும்."

பின்வரிசையிலிருந்து ஒரு அப்பத்தா, "இப்பச் சொல்லி என்ன அப்பு பண்ண, தண்ணி கடலுக்குப் போயிருச்சே" என்றார். அந்தக் குரலில் ஏச்சு இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முடிவானது இதுதான். இன்வெர்ட்டர் மேடையை அறுபது சென்டிமீட்டர் உயர்த்துவது, கேபிள்களைப் பள்ளத்திலிருந்து எடுத்துத் தாங்கிகளின் மேல் போடுவது, அது முடியும்வரை ஊரார் கீழ் வெட்டு வரைக்கும் மட்டும் அடைப்பது. கம்பெனி செய்தது. சொன்ன நாளுக்கு நான்கு மாதம் தள்ளி, ஆனாலும் செய்தது. உயர்த்திய மேடைக்கு லெவல் கொடுக்கப் போனதும் நான்தான்.

அப்போது கண்மாயைக் கவனிக்கும் அரசுத் துறையிலிருந்து வந்த ஓவர்சியர், கல் உச்சி மட்டத்தைக் கல்லிலேயே பெயின்டில் எழுதச் சொன்னார். வெள்ளை அடித்து, கறுப்பில் 6.870 என்று எழுதினேன். பெரியவர் குனிந்து பார்த்தார்.

"என்னப்பு எழுதியிருக்கு?"

"நீங்க நிப்பாட்டுற மட்டம் ஐயா."

அவர் கலுங்கு முதுகில் சுண்டு விரலை ஊன்றி, கல்லோடு சேர்த்து ஒரு சாண் போட்டார், அதன் மேல் இன்னொன்று. இரண்டாவது சாணில் கட்டைவிரல் உச்சியைத் தொட்டது. பெயின்ட் காயாமல் இருந்ததால் விரலில் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சரி, சரியாத்தான் இருக்கு" என்றார்.

கடைமடையில் அந்தத் தை மாதம் நெல் பதராகப் போனது. நஷ்டம் கேட்டு அவர்கள் கொடுத்த மனுவை எழுதிக் கொடுத்ததும் நான்தான். கண்மாய் எத்தனை அடி இறங்கியது, எந்தத் தேதி, எவ்வளவு தண்ணீர் போனது எல்லாம் அதில் இருக்கிறது. ஏழு கையெழுத்து, நான்கு கைநாட்டு. இன்னும் பதில் வரவில்லை.