களவுக்குச் சாட்சி யார்?

சங்க காலத்துக் காதலர்களுக்கு எத்தனை சுதந்திரம் இருந்தது என்று வியந்து பேசுவது, தண்டையார்பேட்டையில் நான் செல்லும் வாசிப்புக் கூட்டத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த வியப்பு எனக்கு முழுதாக வருவதில்லை. களவுப் பாடல்களில், அதாவது மணத்துக்கு முன் மறைவாகக் கூடும் காதலைப் பாடுபவற்றில், இன்பத்தைக் காட்டிலும் அச்சமே மிகுதி, அதுவும் பெரும்பாலும் பெண்ணின் அச்சம். ஊர் அலர் தூற்றிப் பழி பேசும், தாய் வீட்டுக்குள் அடைத்து இற்செறிப்பாள் என்பவற்றைக் கூட அவள் தாங்கிக்கொள்வாள். ‘இவளை நான் அறியேன்’ என்று காதலன் சொல்லிவிட்டால் என்ன செய்வாள்?

குறுந்தொகை 25-ஆம் பாடலில் கபிலரின் தலைவி இதைத்தான் கேட்கிறாள். ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்கும் அவளுக்கு, அவன் தன்னோடு கூடிய நாளில் அங்கிருந்ததாக நினைவுக்கு வருவது, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களையுடைய ஒரு குருகு மட்டுமே. அதுவும் அவர்களைப் பார்க்கவில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. காசிமேட்டில் மீனுக்காகக் காத்து நிற்கும் கொக்கைக் கண்டவர்களுக்கு அது எவ்வளவு உதவாத சாட்சி என்பது தெரியும்.

அகநானூறு 256-இல் அந்த அச்சம் வழக்காகவே அவைக்கு வந்துவிடுகிறது. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன் அவளை அறியேன் என்று பொய்ச்சூள், அதாவது பொய்ச் சத்தியம், உரைக்கிறான். அவையத்தார் சாட்சிகளை விசாரித்து, அவனை மரக்கிளையில் இறுகக் கட்டி, தலையில் நீற்றைப் பெய்கிறார்கள். புலவர் அவனை ‘அறனிலாளன்’ என்கிறார். மறைவாகக் கூடியதற்காக அன்று, கூடியதை மறுத்ததற்காகவே இந்தத் தண்டனை என்பதுதான் களவின் அறத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த பிடி.

இலக்கணமும் இதற்கு அரணாக நிற்கிறது. ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்று தொல்காப்பியம் திருமணச் சடங்குக்கே காரணம் கூறுகிறது. அக இலக்கண நூலான இறையனார் களவியல், களவு 2 திங்களுக்குள் முடிய வேண்டும் என வரையறுக்கிறது. அதன் உரைகாரரோ, சாகத் துணிந்த பெண் கூட்டிவைத்த நஞ்சை ஒருவன் அவள் அறியாமல் எடுத்துப்போய்க் கொட்டிய கதையைச் சொல்லி, அந்தத் திருட்டைப் போலக் களவும் நன்மை பயக்கும் என்று வாதிடுகிறார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் நஞ்சைக் கொட்டியவன் பிறகு யாருக்கும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தலைவனோ ஊரறிய ஒப்புக்கொண்டே ஆக வேண்டியவன்.

சாட்சியை ஏமாற்ற முயன்றவர் எங்கள் வட சென்னையிலேயே உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், பிரியேன் என்று சன்னிதியில் சூளுரைக்கும்போது தாங்கள் மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று இறைவனிடமே கேட்டுக்கொண்டார். திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, இந்தச் சூளைக் காக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். இறைவன் சம்மதித்துவிட்டு, மரத்தடியிலேயே சூள் வாங்கும்படி சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவிட்டார். பின்னர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரர் கண்ணிழந்தார். தம்பிரான் தோழர் எனப்படும் சுந்தரரின் இந்தச் சூழ்ச்சியைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் மறைக்கவில்லை. ஊராரும் மறைக்காமல், மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறார்கள்.