பரிசு கிடைக்காத பிறகு வரும் சனிக்கிழமைகள்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் எங்கள் தன்னார்வக் குழு, தொண்டு அமைப்புகளுக்காக இணைய வாக்கெடுப்போடு நடந்த நிதிப் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்று வரை சென்று தோற்றது. முடிவு வந்த நாளின் வருத்தத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வெற்றி உறுதி என்று எங்களில் யாரும் நினைத்திருக்கவில்லை. எதிர்பாராதது அதற்குப் பின் வந்த வாரங்கள்தான். வெளியிலிருந்து எந்த உதவித்தொகையும் பெறாமல் பல ஆண்டுகளாக நடந்துவந்த வேலை, ஓர் உதவித்தொகை கிடைக்கவில்லை என்று தெரிந்தவுடன் தள்ளாடத் தொடங்கியது. சனிக்கிழமை அமர்வுக்குத் தவறாமல் வருபவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் ஒலிவாங்கியின் முன் உட்காராமல் வாக்கு எண்ணிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப் பார்த்தால் நாங்கள் எதையும் இழக்கவில்லை. அந்தப் பணம் ஒருநாளும் எங்கள் கையில் இருந்ததில்லை. பழைய கருவிகள் அப்படியே இருந்தன, மாணவர்களும் இருந்தார்கள், வாசிக்கவேண்டிய நூல்களும் குறையவில்லை. பிறகு எது குறைந்தது என்று யோசித்தபோது, விண்ணப்பம் எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே ஒரு மாற்றம் நடந்திருப்பது புலப்பட்டது. எத்தனை பேருடைய வாழ்வை மாற்றுவீர்கள், மூன்றாண்டுகளில் எவ்வளவு விரிவடைவீர்கள், உங்கள் முயற்சி மற்றவர்களுடையதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்றெல்லாம் விண்ணப்பப் படிவம் கேட்டது. அதுவரை எங்களை யாரும் இப்படிக் கேட்டதில்லை, நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை. உரக்க வாசிப்பது பிடிக்கும் என்பதற்காக வந்தவர், தன் தங்கை படித்த காலத்தில் இப்படியொரு வசதி இல்லையே என்ற ஏக்கத்தில் வந்தவர், வாரத்தில் ஒருநாள் அலுவலக முகங்களைத் தவிர வேறு முகங்களைப் பார்க்க வந்தவர் என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களின் மேல் எல்லோருக்கும் பொதுவான புதிய காரணம் ஒன்றைப் போட்டி விரித்துப் போட்டது. வாக்கெடுப்புச் சுற்று தொடங்கியதும் உறவினர், பழைய வகுப்புத் தோழர்கள், அடுத்த மேசைக்காரர் என்று ஒருவரையும் விடாமல் செய்தி அனுப்பினோம். அந்த வாரங்களில் எங்கள் குழுவின் வேலை என்னவென்று ஒருவர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லியிருந்தால், வாக்குச் சேகரிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்.

உளவியலில் இதற்கு நெருக்கமான பழைய ஆய்வு ஒன்று உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நற்சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் வரைந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்துக் குழந்தைகளை அவர்கள் விருப்பத்துக்கு விட்டபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது எதிர்பார்ப்பின் பங்கு. அந்தக் குழந்தைகளுக்காவது சொன்ன சான்றிதழ் கைக்கு வந்தது. எங்களுக்கு எதிர்பார்ப்பு மட்டும் வந்து, பொருள் வராமல் போனது. மழலையர் ஆய்வை வளர்ந்தவர்களின் குழுவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் எங்கள் சனிக்கிழமைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அதைவிட நன்றாக விளக்கிய ஒன்றை நான் படித்ததில்லை.

அதனால், இத்தகைய தோல்விக்குப் பின் உறுப்பினர்களுக்குப் புதிய உற்சாகம் ஊட்டவேண்டும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. நடுவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்ட காரணத்தை எழுப்பிவிட்டுப் பழைய காரணங்களுக்கு இடம் கொடுப்பதே ஒருங்கிணைப்பவரின் வேலை. "தோல்வியே வெற்றியின் முதற்படி" என்று தொடங்கும் பேச்சு அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. அந்தப் பேச்சு போட்டியையே மேலும் மையத்தில் நிறுத்தி, இதுவரை செய்ததெல்லாம் வரப்போகும் ஏதோ ஒரு வெற்றிக்கான முன்னோட்டம் என்று எண்ண வைக்கிறது. போன ஆண்டு நாங்கள் பதிவுசெய்த வரலாற்று நூல் எதற்கும் முன்னோட்டமில்லை. அதைக் கேட்டுத் தேர்வு எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தில் யாருக்கும் ஆறுதல் சொல்லாமல், பேச விரும்பியவர்களைப் பேசவிட்டோம். வாக்கெடுப்பு முறையின் மீதுதான் பெருங்கோபம் இருந்தது, அது நியாயமற்றதும் அல்ல. இணைய வாக்குகளால் நிதியைப் பகிரும் போட்டிகள் எல்லாவற்றின் மீதும் ஏறக்குறைய ஒரே குறைதான் சொல்லப்படுகிறது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெப்சி நிறுவனம் சமூகப் பணிகளுக்காக 2 கோடி டாலர் ஒதுக்கி, யாருக்குக் கொடுப்பது என்பதை மக்கள் வாக்குகளுக்கு விட்டபோதும், வாக்குகள் முறைகேடாகத் திரட்டப்படுகின்றன என்ற புகார்கள் எழுந்தன. முறைகேடே இல்லாவிட்டாலும், வாக்கெடுப்பு அளப்பது ஒரு குழுவுக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதையே. அந்தக் குழுவின் ஒலிப்பதிவில் பிழை குறைவா, நூல்கள் தேர்வுக்கு முன் கைக்குப் போய்ச் சேருகின்றனவா என்பதையெல்லாம் அது அளப்பதில்லை. இதை எல்லோரும் வாய்விட்டுச் சொன்னது நல்லதாயிற்று. இரண்டாம் கூட்டத்திலும் அதே பேச்சு தொடங்கியபோது, எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியை, "இன்னும் எத்தனை வாரம் போட்டி நடத்தியவர்களுக்காகவே கூடப்போகிறோம்?" என்று கேட்டார். அதன்பின் அந்தப் பேச்சு அமர்வில் எழவில்லை, தேநீர் இடைவேளையோடு நின்றுகொண்டது.

வேலைக்குத் திரும்புவதற்கு அதைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியிருந்த பெரிய எண்கள் எல்லோர் மனத்திலும் பதிந்திருந்ததால், ஓர் அத்தியாயத்தை வாசித்து முடிப்பது அற்பமான செயலாகத் தோன்றியது. ஆகவே இலக்குகளை ஒதுக்கிவைத்துவிட்டு, யாருக்கு எதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம், அதில் எது நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் எழுதினோம். அந்தப் பட்டியல் சங்கடமான அளவுக்கு நீண்டது. போட்டி நடந்த மாதங்களில் உயிரியல் நூலின் பாதி அப்படியே நின்றிருந்தது. அதற்காகக் காத்திருந்த மாணவி ஒருவர் தொலைபேசியில், "அக்கா, இரத்த ஓட்டப் பாடம் எப்போது வரும்?" என்று கேட்டார். அப்படியொரு போட்டி நடந்ததும் நாங்கள் தோற்றதும் அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனெனில் குழுவை மீண்டும் கூட்டியது அதுதான். உரைநடையை வாசிப்பது எளிது. படங்களைச் சொல்வதுதான் கடினம். இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அதைப் பார்க்கவே முடியாதவருக்கு விவரிக்கும்போது, படத்தில் இடப்பக்கம் இருப்பது உடலின் வலப்பக்கம் என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். அதற்குப் பின் நான்கு அறைகளையும் ஓர் ஒழுங்கில் சொல்லி, இரத்தம் எந்த அறையிலிருந்து எந்த வால்வு வழியாக எங்கே போகிறது என்பதைக் கேட்பவர் தன் மனத்தில் வரைந்துகொள்ளும் வேகத்தில் சொல்லவேண்டும். சிவப்பு, நீல நிறங்களைக் குறிப்பிடலாமா, பிராணவாயு மிகுந்த இரத்தம், குறைந்த இரத்தம் என்று மட்டும் சொல்வதா என்று மூன்று பேர் அரைமணி நேரம் வாதாடினார்கள். எழுதிய விளக்கத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தில் வரைந்து பார்த்தார். வந்த படம் இதயத்தைப் போல இல்லை. விளக்கத்தைத் திருத்தினோம், மறுபடியும் வரைந்தார். அன்று யாரும் வாக்குகளைப் பற்றிப் பேசவில்லை. பேசக்கூடாது என்று தடுத்திருந்தால் பேசியிருப்பார்கள். பேசுவதற்கு அதைவிடச் சுவையான ஒன்று கிடைத்துவிட்டது.

உழைப்பின் பயனைப் பெறுபவரை நேரில் காண்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஆடம் கிராண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டிய பணியாளர்கள், அந்த நன்கொடையால் கல்வி உதவி பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் திரட்டிய தொகை முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு மாணவர்களை அழைத்து வரிசையாக நன்றி சொல்ல வைக்கலாம் என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அதில் விருப்பமில்லை. உதவி பெறுபவரை நன்றியுரை ஆற்ற வைப்பது எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் கூச்சம் தருவது. அதற்குப் பதிலாகக் குறை சொல்ல அழைத்தோம். வாசிப்பு எங்கே வேகம், எந்தக் குரல் தூக்கம் வரவழைக்கிறது, அட்டவணைகளில் எங்கே தொலைந்துபோகிறார்கள் என்று அவர்கள் விரிவாகவே சொன்னார்கள். என் குரலைப் பற்றியும் சொன்னார்கள், அதை இங்கே எழுதப்போவதில்லை.

சிலர் திரும்பி வரவில்லை. அவர்களை இரண்டு விதமாகப் பார்க்கிறேன். போட்டிக்கு முன்பே களைத்திருந்து, பரபரப்பின் வேகத்தில் அது தெரியாமல் இருந்தவர்கள் சிலர். அவர்களுக்கு ஓய்வு தேவை, குற்றவுணர்வை ஊட்டும் செய்திகள் தேவையில்லை. மற்றவர்கள் போட்டியின்போது எங்களை நம்பி வந்த புதியவர்கள். அவர்கள் பார்த்த குழு வேறு, இப்போது இருக்கும் குழு வேறு. அதை வெளிப்படையாகச் சொல்லி, விரும்பினால் வாருங்கள் என்றோம். இருவர் வந்தார்கள்.

வாக்களித்தவர்களுக்கு முடிவைத் தெரிவிப்பதைத்தான் எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். வாக்குக் கேட்க நூறு முறை செய்தி அனுப்பிய கை, தோற்றோம் என்று ஒரு வரி எழுதத் தயங்கியது. ஒருவழியாக அனுப்பிய கடிதத்தில் தோல்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, எந்தெந்த நூல்கள் நிலுவையில் உள்ளன, அவற்றுக்கு எப்படிப்பட்ட குரல்கள் தேவை என்று எழுதினோம். வந்த பதில்களில் அனுதாபம் நிறைய இருந்தது. நடுவே, கணிதம் தெரிந்த ஒருவர் சமன்பாடுகளை உரக்க வாசிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளத் தயார் என்று எழுதியிருந்தார். அவரை நாங்கள் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தோம். அவரோ எங்கள் பட்டியலில் ஒரு வாக்காக மட்டும் இருந்திருக்கிறார்.

விண்ணப்பமும் வீணாகவில்லை. நிதிப் போட்டிகளில் தோற்றவர்களின் திட்டங்கள் அத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நல்ல சான்று, மெக்ஆர்தர் அறக்கட்டளை ஒரே திட்டத்துக்கு 10 கோடி டாலர் வழங்குவதாக அறிவித்து நடத்திய போட்டி. 1,904 விண்ணப்பங்கள் வந்தன. 2017 டிசம்பரில் பரிசை வென்றது, அகதிக் குழந்தைகளின் கல்விக்கான ஒரு திட்டம். இறுதிச் சுற்றில் தோற்றவற்றுள் ஒன்று, ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் உயிர்காக்கும் கருவிகளுக்காக ரைஸ் பல்கலைக்கழகக் குழு அளித்தது. அதற்கு அதே அறக்கட்டளை 1.5 கோடி டாலர் கொடுத்தது. 2019க்குள் பல அறக்கட்டளைகள் சேர்ந்து 6.8 கோடி டாலர் தர முன்வந்தன. அவ்வளவு உயரத்தில் நடப்பது எங்களுக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. இறுதிச் சுற்று வரை போய்த் தோற்ற எல்லோருக்கும் அங்கே ஆறுதல் தொகை இருந்தது. எங்கள் போட்டியில் நன்றி மடல்தான் இருந்தது. ஆனால் எங்கள் வரவுசெலவுத் திட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, அதில் பாதிக்குப் பணமே தேவையில்லை என்று தெரிந்தது. அமைதியான அறை ஒன்றை வார இறுதியில் இரவல் கேட்கலாம். நல்ல ஒலிவாங்கியைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பவரிடம் கேட்கலாம். அறை கிடைத்தது. ஒலிவாங்கிக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனிப் போட்டியே வேண்டாம் என்ற குரலும் எழுந்தது, அதை நான் எதிர்த்தேன். நெதர்லாந்தின் ஆய்வு நிதி வழங்கலைப் பற்றித் தைஸ் பால் முதலியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெற்றிக்கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்கள் அடுத்த எட்டாண்டுகளில், சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நிதியைப் பெற்றார்கள். இரு தரப்பினரின் தகுதியும் ஏறக்குறைய ஒன்றே. இடைவெளி விரிந்ததற்கு ஒரு காரணம், தோற்றவர்கள் பிறகு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டது. அவர்கள் தனி ஆய்வாளர்கள், நாங்கள் ஒரு குழு. இருந்தாலும் கதவைத் தட்டாமல் விடுவதால் நேரும் இழப்பு இரு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே வரப்போகும் இன்னொரு போட்டிக்கு விண்ணப்பிக்க முடிவுசெய்திருக்கிறோம், சில கட்டுப்பாடுகளோடு. இருவர் மட்டுமே அந்த வேலையைச் செய்வார்கள், அதுவும் அமர்வு நேரத்துக்கு வெளியே. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பணிக்கு எது தேவையோ அதை மட்டும் கேட்போம். வாக்கெடுப்புச் சுற்று உள்ள போட்டி என்றால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை செய்தி அனுப்புவது; அதற்கு மேல் உறவினர்களைப் படுத்துவதில்லை. விண்ணப்பத்தின் நிலை என்ன என்று சனிக்கிழமை அமர்வில் கேட்பவர்களுக்கு அந்த வாரத்து ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பிழை கண்டறியும் பணி ஒப்படைக்கப்படும். இந்த விதியை முன்மொழிந்தவரும் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியைதான். இப்போதைக்கு உயிரியல் நூல் முடிந்து, இயற்பியலில் ஒளியியல் பகுதிக்கு வந்திருக்கிறோம். கதிர் வரைபடங்களைச் சொற்களில் விளக்கப் பொறுமையும் வடிவியலும் உள்ள ஒருவர் தேவைப்படுகிறார்.