கொல்லிமலை பஸ்ஸில் ஒரு பலாப்பழம்

ஜூன் 16, திங்கள்

செம்மேட்டில் ஏறிய ஆத்தாவின் சாக்கில் ஒரு பலாப்பழம் மட்டும் அடங்கவில்லை. சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, "பாத்துக்க சாமி" என்றது. காரவள்ளிக்கு இறங்குவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவிலேயே பழம் வெளியே வந்துவிட்டது. வண்டி வலப்பக்கம் ஒடித்தால் பழம் இடது ஓரத்துக்கு ஓடும், இடப்பக்கம் ஒடித்தால் வலது ஓரத்துக்கு. பத்து கிலோ முள் உருண்டை. காலைத் தூக்கித் தூக்கி வைத்தே டிக்கெட் போட்டேன்.

ராத்திரி சொல்லிச் சிரித்தபோது மகள் கேட்டாள்: "ஏனுங்கப்பா, பழத்த யாரு தள்ளுனது?"

"வளைவுதான் கண்ணு தள்ளுது."

"யாருமே தள்ளலைங்கப்பா. அது பாட்டுக்கு நேராப் போகுது. பஸ்தான் திரும்புது."

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகளாம். 22 வருஷமாக வளைவில் நின்று பிழைப்பவனிடம் இப்படியா பேசுவது என்று இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கம்பியைப் பிடிக்காமல் நின்று பார்த்தேன். செருப்பைத் தரை இழுத்துக்கொண்டு திரும்புகிறது. இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு மட்டும் பழைய திசையை விடமாட்டேன் என்கிறது. அதைத்தான் இத்தனை நாளும் 'வெளியே தள்ளுது' என்று சொல்லிவந்திருக்கிறேன். ஜன்னலோரம் இருந்தவரின் தோளில் பஸ்ஸின் தகடு வந்து இடித்தது. தள்ளியது என்றால் அந்தத் தகடுதான், அதுவும் உள்பக்கமாக. பழைய திசையை விடாத இந்தக் குணத்துக்குப் புத்தகத்தில் பெயர் திசையில் நிலைமம்.

ஜூன் 19, வியாழன்

மழை. டிரைவர் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் ஊர்ந்தார். பின்சீட்டில் முணுமுணுப்பு.

வீட்டில் கணக்குப் போட்டோம். வளைவின் ஆரம் 10 மீட்டர், ஆள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டோம். மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் அவரைத் திருப்ப சுமார் 104 நியூட்டன் வேண்டும். 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற பலம். வேகம் 30 ஆனால் இரண்டு மடங்குதானே என்றேன். இல்லை, நாலு மடங்கு! 40 கிலோவுக்கு மேல். வண்டியின் மொத்த எடைக்கும் இதே கணக்குத்தான். அத்தனையையும் கொடுக்க வேண்டியது டயருக்கும் தாருக்கும் நடுவில் உள்ள உராய்வு ஒன்றுதான். ஈர ரோட்டில் அதுவும் குறைந்துபோகும். முணுமுணுத்தவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? "மெதுவாப் போனா வீட்டுக்குப் போலாமுங்க" என்பதோடு சரி.

ஜூன் 22, ஞாயிறு

மகள் கொடுத்த சோதனை. ஓடுகிற பஸ்ஸில் காசைச் சுண்டினால் எங்கே விழும்? பின்னால்தான் என்று அடித்துச் சொன்னேன். இல்லை என்றாள். கலிலியோ 1632லேயே கப்பல் அறையை வைத்து இதை எழுதிவிட்டாராம்: கப்பல் ஒரே சீராகப் போகும்வரை உள்ளே சொட்டும் தண்ணீர் நேர் கீழேதான் விழும்.

சேந்தமங்கலம் தாண்டி, பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து அஞ்சு ரூபாய்க் காசைச் சுண்டினேன். வேகம் 50. காசு அரை விநாடி மேலே இருந்திருக்கும். அதற்குள் பஸ் 7 மீட்டர் போயிருக்கும். ஆனாலும் கைக்கே வந்து விழுந்தது. காசும் அதே 50ல் கூடவே வருகிறது. மூன்று தடவையும் அப்படியே.

நாலாவது தடவை சுண்டிய நேரத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். நான் கம்பியைக் கட்டிக்கொண்டேன். காசுக்கு ஏது கம்பி? அது பாட்டுக்கு முன்னால் பறந்து கியர் ராடு பக்கம் இருந்த ஓட்டைக்குள் போய்விட்டது. ராத்திரி வசூல் கணக்கில் அஞ்சு ரூபாயை நான்தான் போட்டேன்.