பொய்ரா சண்டையும் ஆறு நொடித் தோட்டாவும்

குன்னூரை அடுத்த வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வரும் விமானப்படை அதிகாரிகளில் ஃபைட்டர் பைலட்டுகளும் உண்டு. ஏறக்குறைய பத்து மாதம் காக்பிட்டை மறந்து மேப்பும் ஃபைலுமாக உட்கார வேண்டும். சண்டை போடுகிறவருக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டால், மேற்கு வங்க எல்லையில் பொய்ராவின் மேல் நடந்த இந்திய-பாகிஸ்தான் விமானச் சண்டையைப் பார்த்தால் போதும்.

1971 நவம்பர் 22. டாக்காவிலிருந்து வந்த பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள் காலையில் இரண்டு முறை தாக்கின. கொல்கத்தாவின் டம்டமிலிருந்து இந்தியாவின் நாட் (Gnat) போர் விமானங்கள் கிளம்பிப் போவதற்குள் இரண்டு முறையும் தப்பிவிட்டன. பிற்பகல் மூன்றாவது முறை ரேடாரில் சிக்கியதும், சுமார் மூன்று நிமிடத்தில் நான்கு நாட் விமானங்களும் மேலே ஏறிவிட்டன. அவற்றின் விமானிகளான மாஸி, சோரெஸ், கணபதி, லாசரஸ் நால்வரையும் சேபர்கள் இருந்த இடத்துக்கே வழிநடத்தியவர் ரேடார் கன்ட்ரோலர் பாக்சி. பாதி வெற்றி அங்கேயே முடிந்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதி தோட்டாக் கணக்கு. நாட் விமானத்தில் 30 மி.மீ. ஏடன் பீரங்கி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1,200 வீதம் சுடும். அப்படியே அழுத்திப் பிடித்தால் ஆறு நொடிக்குள் காலி. அதனால் சின்னச் சின்னத் தொடர்களாகத்தான் சுடுவார்கள். பீரங்கி சிக்கி நிற்பது நாட் விமானத்தின் பழைய நோய். அன்று மாஸிக்கும் ஒன்று நின்றுபோனது, மற்றதை வைத்தே அடித்தார். லாசரஸ் சுட்டது ஏறக்குறைய 150 கஜத்திலிருந்து. அவ்வளவு கிட்டே போனால் குறி தப்பாது, ஆனால் வெடித்த சேபரின் சிதறல் அவருடைய விமானத்தின் மூக்கிலேயே வந்து பட்டது. வேகம் கூடி எதிரியைத் தாண்டிவிட்டால் இன்னும் மோசம், அப்புறம் குறி நம் மேல். நாட் விமானத்துக்குத் தனி ஏர்பிரேக் கிடையாது. சக்கரங்களைப் பாதி இறக்கித்தான் வேகம் குறைக்க வேண்டும்.

சண்டை மொத்தமே சில நிமிடம். மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகள் இருவரில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. 1997இல் அந்நாட்டு விமானப்படைத் தலைவரானார்.

வாட்ஸ்அப்பில் மூன்று சேபரும் விழுந்ததாகச் சுற்றுகிறது. விழுந்தவை இரண்டுதான். மூன்றாவது அடிவாங்கிப் புகையோடு டாக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. புகை தெரிந்தால் விழுந்ததாகவே விமானிக்குத் தோன்றும்; திரும்பிப் பார்த்து உறுதி செய்ய அங்கே யாருக்கு நேரம்?