ரொபிப் போத்தலுக்குப் பக்கத்தில்

சென்ற மாதம் பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பியைத் திருத்துவதற்காக விரித்தபோது, தாள்களுக்கிடையிலிருந்து விரலளவான சிறிய பைக்கற் ஒன்று மேசையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். முதலில் ஏலக்காயும் புதினாவும் கலந்த இனிப்பு வாசம். சற்றுப் பிந்தியே புகையிலையின் நெடி மூக்கில் ஏறியது. "இது பாக்குத்தானே ரீச்சர், சிகரெட் இல்லையே" என்றான் அவன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தான்.

அந்த நம்பிக்கைதான் என்னை வருத்துகிறது. என் அப்பப்பா சுருட்டுப் பிடித்தவர். அவருடைய சுருட்டை ஒருமுறை திருட்டுத்தனமாக இழுத்துப் பார்த்த என் அண்ணன், இருமி, கண் கலங்கி, மறுபடி அதன் பக்கமே போகவில்லை. புகையிலையின் காரமே பிள்ளைகளுக்கு ஒரு வேலியாக இருந்தது. இனிப்பும் வாசனையும் அந்த வேலியைப் பிடுங்கிவிடுகின்றன. புதினாவின் குளிர்ச்சியைத் தரும் மென்தோல் (menthol) என்ற சேர்பொருள் தொண்டையைக் குளிர்வித்து எரிச்சலை மறைப்பதும் இவ்வாறே. ஆளை அடிமையாக்கும் நிக்கொட்டின் மட்டும் குறைவதில்லை. பாக்குக்கூடத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதையும், இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதையும் அன்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடைசெய்கிறது. 2016 இல் வெளியான ஒழுங்குவிதிகள் புகையற்ற புகையிலைப் பொருட்களையும், சுவையூட்டிய, நிறமூட்டிய, இனிப்பூட்டிய சிகரெட்டுகளையும் தடைசெய்தன. ஆயினும் முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள எங்கள் குளத்து ஊரில், ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தும் பெட்டிக்கடையில், ரொபிப் போத்தலுக்குப் பின்னாலிருந்து அந்தப் பைக்கற் கைமாறுகிறது.

கடைக்கார அக்காவிடம் போய்க் கேட்டேன். போரில் கணவனை இழந்து, அந்தக் கடையை வைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பிப்பவர். "நான் வைக்காட்டி அடுத்த கடையில வாங்குவினம் ரீச்சர். சாமானும் அங்கதான் வாங்குவினம்" என்றார். அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. ஒரு கடை தனியாக நிறுத்தினால் இழப்பு அந்தக் கடைக்கு மட்டுமே. ஊரிலுள்ள கடைகள் எல்லாம் ஒரே நாளில் நிறுத்தினால் எவரும் வாடிக்கையாளரை இழக்கமாட்டார். ஆகவே இந்தக் கட்டுப்பாடு ஊர் மட்டத்திலும் வரவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தவர்கள் 2018 இல் வாக்களித்துச் சுவையூட்டிய புகையிலை விற்பனையைத் தம் நகரில் தடுத்தார்கள். கலிபோர்னியா மாநிலம் முழுவதற்குமான தடை 2022 இல்தான் வாக்காளர்களால் உறுதிசெய்யப்பட்டது. அங்கே நகரம் முந்திக்கொண்டது, மாநிலம் பின்தொடர்ந்தது. இங்கே நாட்டுச் சட்டம் முன்னே போய்விட்டது, ஊர்தான் பின்னால் நிற்கிறது.

மாதர் சங்கத்தினரோடு சேர்ந்து பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பாடசாலை வீதியிலுள்ள நான்கு கடைக்காரர்களும் அதில் ஒப்பமிட வேண்டும் என்று கேட்டோம். முதல் ஒப்பம் அந்த அக்காவுடையது. இன்னும் இரண்டு பேரைச் சனிக்கிழமை சந்திக்கவுள்ளோம்.