வயிற்றோடு அணைத்த கமரா

கல்லூரிக் காலத்துப் பழைய அல்பங்களில் சில சதுரப் படங்கள் இருக்கும். அவற்றில் நிற்பவர்கள் ஒரு பிடி உயர்ந்தது போலத் தெரிவார்கள். படம் பிடித்தவர் குள்ளம் என்பதால் அல்ல. கமராவை வயிற்றோடு அணைத்து, தலைகுனிந்து, மேலிருந்து கண்ணாடியைப் பார்த்து எடுத்த படங்கள் அவை.

அந்த இரட்டைக்கண் கமராக்களில் பேர்பெற்றது றோலிஃபிளெக்ஸ். ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929இல் பிறந்தது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் பிலிமுக்கு. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும்; ஓட்டப்போட்டியில் இடப்பக்கம் ஓடுபவரைப் பிடிக்கப் பழகாதவர் கமராவை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். அதற்காகவே மேல்மூடியின் முன்தகட்டை உள்ளே தள்ளி, சதுரத் துவாரத்தால் நேரே பார்க்க வழி வைத்திருக்கிறார்கள்.

அப்பப்பாவின் அலுமாரியில் ஒன்று கிடைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1937இல் வந்த ‘ஒட்டோமாற்’ வகையில் சுருளை மாட்டுவதில்தான் பலர் தவறுவார்கள். 120 எனும் அகலச் சுருள் பிலிமைக் கீழ் அறையில் வைத்து, பிலிமை மூடிவரும் காப்புத் தாளின் நுனியை அங்குள்ள இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைத்த பிறகே மேலுள்ள வெற்றுச் சுருளில் கொளுவ வேண்டும். தாளோடு பிலிம் சேரும் இடத்துத் தடிப்பை அந்த உருளைகள் தொட்டு உணர்ந்துதான் எண்ணத் தொடங்கும். உருளைக்கு மேலாக விட்டீர்களோ, கைபிடி முதற்படத்துக்கான 1இல் நிற்காது. முழுச் சுருளும் ஒரு படமும் எடுக்காமல் ஓடி முடியும். இத்தனைக்கும் பற்றரி கிடையாது, எல்லாம் பல்சக்கரம்!

கைபிடியை முன்னால் சுற்றினால் பிலிம் நகரும், பின்னால் திருப்பினால் ஷட்டர், அதாவது பிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு, அடுத்த படத்துக்கு வில் இறுகித் தயாராகும். இதிலுள்ள ‘கொம்பூர் றப்பிட்’ ஷட்டரில் 1/500 செக்கன் வேகம் வேண்டுமானால் இறுக்குவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். அந்த வேகத்துக்குத் தனி வில் உண்டு. பிறகு பலவந்தமாகத் திருப்பினால் பழுதாகும்.

வாங்குவதானால் 1 செக்கன் வேகத்தைக் காதால் கேளுங்கள். சீரான கிர்ர் ஒலி வரவேண்டும். நடுவில் தயங்கினால் உள்ளே எண்ணெய் பிசினாகிவிட்டது. எண்ணெய் விடாதீர்கள், ஷட்டரின் இதழ்கள் ஒட்டிவிடும். லென்சுக்குள் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் பாருங்கள். மேல் லென்சுக்குப் பின்னால் உள்ளேயுள்ள முகம்பார்க்கும் ஆடியைத் துடைக்கவே கூடாது. வெள்ளிப்பூச்சு முன்முகத்தில் இருப்பதால் ஊதிவிடுவதோடு சரி.

12ஆவது படம் முடிந்ததும் தாள் முழுவதும் மேல் சுருளில் ஏறும்வரை சுற்றி, நிழலில் திறந்து, தளரவிடாமல் பிடித்துப் பசைநாடாவை நக்கி ஒட்டுங்கள். தளர்ந்த சுருளின் ஓரத்தால் வெளிச்சம் புகுந்துவிடும்.